நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

அவிநாசி, திருப்பூர், பல்லடம் வட்டாரத்தில் இயந்திரத்துக்கு விரலைக் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். "மறுக்கா வளருமுங்களா?" என்பது ஒன்று. "எப்பங்க வேலைக்குப் போலாம்?" என்பது இன்னொன்று. முதல் கேள்வியை உலகின் ஆய்வுக்கூடங்கள் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவருகின்றன. இரண்டாவது கேள்வி கூலிக்காரர்களுடையது. இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்தால்தான் இரண்டுக்கும் உருப்படியான பதில் கிடைக்கும்.

இந்த மண்ணில் விரலுக்கு ஆபத்தான இடங்கள் ஏராளம். பனியன் கம்பெனியின் கட்டிங் மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கடுக்காக விரித்த துணியின்மேல் மின்கத்தி ஓடுகிறது. கட்டிங் மாஸ்டரின் வலது கை கத்தியைத் தள்ள, இடது கை துணி நகராமல் அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்த இடது கைக்காகவே இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை ஒன்று உண்டு. அதை மாட்டினால் வேகம் குறைகிறது என்று பல இடங்களில் அது ஆணியில் தொங்குகிறது. விசைத்தறியின் பெல்ட், மாட்டுக்குத் தீவனம் நறுக்கும் இயந்திரம், நார் மில், கரும்புச் சாறு பிழியும் வண்டி என்று பட்டியல் நீள்கிறது. தையல் இயந்திரத்தின் ஊசி விரலில் ஏறாத டெய்லர் அபூர்வம்.

நுனி வளரும்

முதல் கேள்விக்கு வருவோம். விரல் வளருமா? முழு விரல் வளராது. ஆனால் நுனி வளரும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்த சிந்தியா இல்லிங்வொர்த், கதவிடுக்கில் மாட்டி விரல்நுனியை இழந்த பிள்ளைகளைப் பற்றி 1974-இல் ஒரு கட்டுரை எழுதினார். கடைசி மூட்டுக்கு மேலே துண்டான நுனியைத் தையல் போட்டு மூடாமல், வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டாமல், காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டுக் காத்திருந்தார்கள். சதையும் நகமும் திரும்ப வளர்ந்தன. நுனி ஏறக்குறையப் பழைய வடிவத்துக்கு வந்தது. மூட வேண்டும் என்ற அவசரத்தில் தோலை இழுத்துத் தைத்திருந்தால் அந்த வளர்ச்சிக்கு இடமே இருந்திருக்காது.

பெரியவர்களுக்கும் இந்தத் திறன் முற்றிலும் போய்விடுவதில்லை. போன எலும்பு நீளாது என்றாலும், நுனிச் சதை ஈரம் காக்கும் மெல்லிய ஒட்டுப்படலத்துக்கு உள்ளே நான்கு முதல் ஆறு வாரங்களில் நிரம்பிவிடுகிறது. தொடு உணர்வும் பெருமளவு திரும்புகிறது. வழியில் ஒரு தடங்கல் உண்டு. அந்தப் படலத்துக்குள் பழுப்பு நிற நீர் கட்டும், நாற்றமும் அடிக்கும். சீழ் பிடித்துவிட்டது என்று பயந்து கட்டைப் பிரித்து வெயிலில் காயவைக்கிறவர்கள் உண்டு. அந்த ஈரத்தில்தான் விளிம்பிலிருக்கும் தோலணுக்கள் நகர்ந்து நடுவே வந்து சேர முடியும். காய்ச்சலும், பரவும் சிவப்பும், கூடிக்கொண்டே போகும் வலியும் இருந்தால்தான் அது சீழ். எந்தக் காயத்தைக் காத்திருந்து வளரவிடலாம், எதைத் தைக்க வேண்டும் என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். காயத்தில் அப்பும் காபித்தூளும் கிரீஸும் அந்த முடிவுக்கே வழியில்லாமல் செய்துவிடும்.

ஏன் நுனிக்கு மட்டும் இந்தச் சலுகை? நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மாயுமி இட்டோ குழுவினர் 2013-இல் சுண்டெலிகளிடம் காரணத்தைக் கண்டார்கள். நகத்தின் அடிவேரில் ஸ்டெம் செல்கள் எனப்படும் குருத்தணுக்கள் குடியிருக்கின்றன. நகத்தை வளர்க்கும் அதே சமிக்ஞைதான் நரம்பையும் எலும்பையும் அந்த இடத்துக்கு அழைத்துவருகிறது. அந்த அடிவேருக்குக் கீழே வெட்டிவிட்டால் சமிக்ஞை இல்லை, வளர்ச்சியும் இல்லை.

புதுப்பித்துக்கொண்டே இருக்கும் உடல்

நம் உடலை ஒருமுறை செய்து முடித்த பொருளாக நினைப்பது தவறு. எலும்பு மஜ்ஜை விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாள் ஓடித் தேய்கிறது. குடலின் உள்வரி சில நாட்களுக்கு ஒருமுறை முழுதாக மாறுகிறது. தோலின் மேற்பரப்பு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகிறது. முறிந்த எலும்பு, சரியாகப் பொருத்தி அசையாமல் வைத்தால், தழும்பே தெரியாமல் எலும்பாகவே சேர்கிறது. இதயம் மட்டும் கஞ்சன். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய கார்பன்-14-ஐ வைத்து இதய அணுக்களின் வயதைக் கணக்கிட்ட சுவீடன் ஆய்வாளர்கள், 25 வயதில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு இதயத்தசை அணுக்களே புதிதாகின்றன, முதுமையில் அதுவும் பாதிக்கும் கீழே போகிறது என்று 2009-இல் தெரிவித்தார்கள்.

கல்லீரல் இதற்கு நேர்மாறு. 1931-இல் ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் எலிகளின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அறுத்தெடுத்தும், மீதமிருந்தது சில வாரங்களில் பழைய அளவுக்கு வந்தது. வெட்டிய மடல் அதே வடிவில் முளைப்பதில்லை; இருக்கும் மடல் பருத்து வேலையை ஏற்றுக்கொள்கிறது. இந்த ஒரு குணத்தை நம்பித்தான் உயிருள்ளவர்கள் கல்லீரல் தானம் செய்கிறார்கள். 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இருபது மாதக் குழந்தைக்கு அதன் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றிபெற்ற முதல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை அது. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று மருத்துவராகிவிட்டார். இத்தனை தாராளமான உறுப்பையும் ஆண்டுக்கணக்கில் குடித்து வடுவாக்கிவிட முடியும் என்பதை நம் மருத்துவமனைப் படுக்கைகள் தினமும் காட்டுகின்றன. வடு இறுகிய கல்லீரலுக்கு வளர இடமில்லை.

மற்ற உயிர்களைப் பார்த்தால் இன்னும் ஆசை பிறக்கிறது. சாலமாண்டர் என்ற நீர்நில வாழ்வியின் காலும் வாலும் வெட்டிய பிறகு வளர்வதை இத்தாலியின் ஸ்பல்லன்சானி 1768-இலேயே எழுதினார். நம் வீட்டுப் பல்லிக்கும் வால் முளைக்கிறது. ஆனால் புதிய வாலுக்குள் முள்ளெலும்பு இருப்பதில்லை, குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கிறது. பாலூட்டிகளிலும் ஒரு வியப்பு உண்டு. அவிநாசிக்குப் பக்கத்தில் புதுப்பாளையம், கோதபாளையம் வழியில் திரியும் புள்ளிமான் கிடாய்கள் கொம்பை உதிர்த்துவிட்டு மறுபடி முழுக்கொம்பை வளர்த்துக்கொள்கின்றன. தோல், நரம்பு, ரத்தக்குழாய், எலும்பு அத்தனையும் அதில் அடக்கம்.

மனித உடல் ஏன் இதைச் செய்வதில்லை? நாம் காயத்தை அவசரமாக மூடுகிற இனம். திறந்த காயம் என்றால் ரத்த இழப்பும் கிருமியும். அதனால் உடல் நார்த்திசுவை அள்ளிப் போட்டுத் தழும்பாக்கி அடைக்கிறது. உயிர் தப்புகிறது, உறுப்பு தப்புவதில்லை. சாலமாண்டரோ மெதுவாக, ஒவ்வோர் அணுவும் தன் பிறப்பிடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, பழைய அமைப்பையே கட்டுகிறது. எல்லி தனாகாவின் ஜெர்மனி ஆய்வுக்குழு 2009-இல் இதைக் காட்டியது: தசையிலிருந்து வந்தது தசையாகிறது, குருத்தெலும்பாவதில்லை. அதற்கும் முன்பே அமெரிக்காவின் மார்க்கஸ் சிங்கர் இன்னொன்றை உறுதிப்படுத்தியிருந்தார். காலுக்குப் போகும் நரம்பைத் துண்டித்துவிட்டால் அந்த உயிரிக்கும் கால் வளர்வதில்லை. வளர்ச்சிக்கு நரம்பு வேண்டும். இந்த ஒரு வாக்கியம் நம் ஊருக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அவிநாசி சாலையின் மறுமுனை

விரல் தானே வளராத இடத்தில், வெட்டுப்பட்ட விரலையே திரும்ப ஒட்டுகிறது அறுவை மருத்துவம். 1962-இல் பாஸ்டனில் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் துண்டான கை மீண்டும் பொருத்தப்பட்டது. 1965-இல் ஜப்பானில் கொமட்சுவும் தமாயும் நுண்ணோக்கியின் துணையோடு ஒரு கட்டைவிரலை ஒட்டினார்கள். கோயம்புத்தூரில் 1978-இல் ஜே.ஜி.சண்முகநாதனும் கனகவல்லி சண்முகநாதனும் தொடங்கிய கங்கா மருத்துவமனையில், அவர்களுடைய மகன்கள் எஸ்.ராஜசபாபதியும் எஸ்.ராஜசேகரனும் கையும் காலும் சிதைந்து வருகிறவர்களுக்கான சிகிச்சையை உலகம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வளர்த்தார்கள். திறந்த எலும்பு முறிவோடு வரும் காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடுவதா என்று முடிவெடுக்க உதவும் ஒரு மதிப்பெண் முறை 2006-இல் அங்கிருந்து வெளியானது. அது இன்று கங்கா மதிப்பெண் என்றே மருத்துவ நூல்களில் வழங்குகிறது. தறியும் மில்லும் சாலையும் சிதைத்த கைகால்கள் தந்த அறிவு அது.

அவிநாசியிலிருந்து கோவைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்கும் விரலின் கதி, முதல் பத்து நிமிடங்களில் பக்கத்திலிருப்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். விரல் நேராக ஐஸில் படக் கூடாது, உறைந்துவிடும். தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ ஊறவைக்கக் கூடாது. விரலில் தசை இல்லாததால் குளிரில் வைத்தால் பல மணி நேரம் தாங்கும். தசை உள்ள முழங்கைக்கும் தோளுக்கும் சுமார் ஆறு மணி நேரம்தான் கெடு. ஒவ்வொரு கம்பெனியின் சுவரிலும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்ட வேண்டிய நான்கு வரிகள் இவை.

விரல் ஒட்டிக்கொண்ட பிறகுதான் உடலின் உண்மையான வேலை தொடங்குகிறது. தைத்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல்நுனியைத் தொட ஐந்தாறு மாதங்கள் ஆகின்றன. எலும்பின் கணக்கும் அதுவே. சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசரோவ் உருவாக்கிய வளையக் கருவி, முறிவின் இரு முனைகளை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதையும் நான்கு தவணையாகப் பிரித்து விலக்குகிறது. இடைவெளியில் புதிய எலும்பு நிரம்புகிறது. அவசரப்பட்டு விலக்கினால் எலும்பு உருவாகாது. மெத்தனமாக இருந்தால் முன்கூட்டியே இறுகிவிடும். எந்தப் பணமும் எந்த மருந்தும் இந்த வேகத்தை இதுவரை பெரிதாக மாற்றியதில்லை.

வலியை இழந்தவர்கள்

நரம்பின் பங்கைத் தமிழ்நாட்டில் வைத்து உலகுக்குப் புரியவைத்தவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1940-களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். தொழுநோய் சதையை அழுகச் செய்கிறது, அதனால் விரல் உதிர்கிறது என்று அதுவரை நம்பினார்கள். பிராண்ட் கண்டது வேறு. துருப்பிடித்த ஒரு பூட்டு அவருக்குத் திறக்கவில்லை. தொழுநோயுள்ள சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே முறுக்கில் திறந்தான். அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவேயில்லை. அந்தச் சதை மற்றவர் சதையைப் போலவே ஆறக்கூடியது. வலி என்ற காவல் இல்லாததால், ஆறுவதற்குள் மறுபடியும் மறுபடியும் காயப்பட்டு விரல் தேய்ந்துபோகிறது. புண்ணைக் கட்டி, பாதத்தின் பாரத்தைக் குறைத்தால் ஆறுகிறது என்று அவர் நிரூபித்தார்.

இந்தப் பாடம் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் மதிப்பிட்டது. கூடுதல் சர்க்கரை பாதத்தின் உணர்வைக் கொல்கிறது, ரத்தக்குழாயைச் சுருக்குகிறது. செருப்புக்குள் சிக்கிய சிறு கல் நாள் முழுதும் உறுத்தினாலும் தெரியாது. சாயங்காலம் காலைப் பார்த்தால் கொப்புளம். மாதக் கடைசியில் விரல் எடுக்க வேண்டிய நிலை. உடலுக்கு வளரத் தெரியும். நரம்பும் ரத்தமும் போய்ச் சேராத இடத்தில் அது என்ன செய்யும்? ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். தமிழக அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் இந்த வழியில்தான் போகிறது. அந்தச் சோதனை ஆரம்பச் சுகாதார நிலையத்தோடு நிற்காமல் ஸ்பின்னிங் மில்லின் வாசலுக்கும் வர வேண்டும்.

நம்பிக்கையும் வியாபாரமும்

போனது திரும்பி வர வேண்டும் என்ற ஏக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. அவிநாசியின் பழைய பெயர் திருப்புக்கொளியூர். குளத்தில் முதலை விழுங்கிய பிள்ளையை ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் பாடி மீட்டார் என்பது தலத்தின் கதை. அந்தப் பிள்ளை விழுங்கப்பட்ட வயதில் திரும்பவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான் என்கிறது மரபு. தாயின் கண்ணீரிலிருந்து பிறந்த இந்தக் கதையை நான் மதிக்கிறேன்.

அதே கண்ணீரைக் காசாக்குகிறவர்களை மன்னிக்க முடியாது. முதுகுத்தண்டு அடிபட்டவருக்கும், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைக்கும், மூட்டு தேய்ந்த பாட்டிக்கும் ஒரே ஸ்டெம் செல் ஊசியை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தை விற்றுப் பணம் கட்டுகிற குடும்பங்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளுக்கு வெளியே, ஸ்டெம் செல்லைப் பதிவுசெய்த ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம். ஆய்வில் சேர்கிறவரிடம் கட்டணம் கேட்பவர் ஆய்வாளர் அல்லர், வியாபாரி.

உண்மையான அறிவியல் எப்படியிருக்கும் என்பதற்கு ஹைதராபாதின் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிலையத்தைப் பார்க்கலாம். சுண்ணாம்போ அமிலமோ தெறித்து ஒரு கண்ணின் கருவிழி விளிம்பிலுள்ள குருத்தணுக்கள் அழிந்துவிட்டால், நல்ல கண்ணிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுத் துணுக்கை எடுத்து, பொடியாக நறுக்கி, காயப்பட்ட கண்ணில் ஒட்டிய மெல்லிய பனிக்குடச் சவ்வின் மேல் பரப்புகிறார்கள். வீரேந்தர் சங்வானும் உடன் பணியாற்றியோரும் 2012-இல் வெளியிட்ட முறை இது. ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் பெருஞ்செலவு இல்லை. எந்த நோய்க்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு பலன் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு நோய்க்கு ஒரு சிகிச்சை. எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி அல்ல.

ஆறும் நாட்களுக்கு யார் கூலி?

இப்போது இரண்டாவது கேள்வி. எப்போது வேலைக்குப் போகலாம்? விரல்நுனிக்கு ஆறு வாரம், நரம்புக்கு ஆறு மாதம், கால் எலும்புக்கு அதைவிட அதிகம் என்பது உடல் சொல்லும் பதில். சனிக்கிழமை சம்பளத்தில் அடுத்த வாரத்து அரிசி வாங்குகிற வீட்டுக்கு இந்தப் பதில் போதாது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண், கட்டு ஈரம் காயும் முன்பே ஓவர்லாக் இயந்திரத்தில் உட்காருகிறாள். ஒட்டிய விரலோடு ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர், பிசியோதெரபிக்குப் போக வேண்டிய நாளில் லீவு கேட்கத் தயங்குகிறார். விரல் இறுகிப்போகிறது. அறுவை மருத்துவர் எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் குனிந்து காப்பாற்றியது, ஒரு வாரக் கூலி இல்லாததால் வீணாகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1948 சட்டத்தின் வழியே வந்த ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில், வேலையில் காயம்பட்டவருக்கு அந்தக் காயத்தால் வேலை செய்ய முடியாத நாட்கள் முழுதும் கூலியில் சுமார் 90 விழுக்காடு கிடைக்க வேண்டும். நிரந்தரமாக உறுப்பை இழந்தவருக்கு ஆயுள் முழுதும் உதவித்தொகை உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தும். 21,000 ரூபாய் வரை மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் உறுப்பினராகலாம். சிக்கல் எங்கே என்றால், ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு செட்டுகளிலும், ஆறேழு தறிகள் ஓடும் கூடங்களிலும், ஒப்பந்தக்காரர் வழியாக வந்த வடமாநிலத் தொழிலாளர்களிடமும் ஈ.எஸ்.ஐ. அட்டையே இருப்பதில்லை. இருக்கும் இடத்திலும், விபத்தைப் பதிவுசெய்தால் விசாரணை வரும் என்று தனியார் மருத்துவமனையில் கட்டணத்தைக் கட்டி, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. அந்தப் பணம் நரம்பு வளர்ந்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

முதலாளிகள் எல்லோரும் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. சிறு செட் வைத்திருப்பவர்களில் பலர் நேற்றுவரை டெய்லர்கள், கட்டிங் மாஸ்டர்கள். அவர்களின் விரல்களிலும் தழும்புகள் உண்டு. அவர்களுக்கும் ஆர்டர் கொடுப்பவர் இருக்கிறார். கெடு தேதி இருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் பனியனின் தையல் கோணல் வரை அளந்து பார்க்கின்றன. அந்தத் துணியை வெட்டிய இடது கையில் கையுறை இருந்ததா என்பதையும், ஜாப் ஒர்க் போகும் கடைசி செட் வரை, அதே கண்டிப்போடு கேட்க வேண்டும். அதற்கான செலவை விலையில் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்.

இயந்திரத்தின் சுழலும் பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. முக்கால் நூற்றாண்டு கழித்தும் பெல்ட்டுக்கு மூடி கேட்டு எழுத வேண்டியிருக்கிறது என்பது வருத்தத்துக்குரியது. ஒரு மூடியின் விலை ஒரு விரலை ஒட்டும் செலவில் மிகச் சிறு பங்கு.

மனிதனுக்கு முழு விரல் முளைக்கும் நாள் ஒருவேளை வரலாம். அதற்காக உழைக்கும் அறிஞர்கள் மதிக்கத்தக்கவர்கள். அதுவரை நம் கையில் இருப்பது உடலின் இன்றைய திறன். அதற்குத் தேவை சுத்தம், உணவு, ரத்த ஓட்டம், ஓய்வு. இவற்றில் ஓய்வை மட்டும் எந்த மருத்துவமனையும் எழுதிக்கொடுத்துவிட முடியாது; கூலி கொடுப்பவர்தான் கொடுக்க முடியும். பனியன் தொழிலிலும் விசைத்தறியிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கங்களும் உரிமையாளர்களும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் பேசுகிறார்கள். பேச்சு வழக்கமாக எத்தனை விழுக்காடு உயர்வு என்பதில் தொடங்கி அதிலேயே முடிகிறது. அடுத்த பேச்சில் இன்னும் மூன்று வரிகள் சேரட்டும். எல்லா இயந்திரத்துக்கும் மூடி. கடைசிச் செட் வரை எல்லோருக்கும் ஈ.எஸ்.ஐ. அது கிடைக்காத தொழிலாளிக்கு, காயம் ஆறும் ஒவ்வொரு நாளுக்கும் அதே கூலி. சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும். உரிமையாளர்கள் கையெழுத்திட வேண்டும். மாவட்ட நிர்வாகம் அதை நடத்திக்காட்ட வேண்டும்.